கண்ணாடிக் கயிறும் குனியாத செடிகளும்

போன வாரம் எங்கே விட்டோம்? என் தம்பி, தன் சொந்தப் பெண்டாட்டியின் தோட்டத்தை வெட்டச் சொல்லும் உத்தரவில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே கையை நீட்டி அவளிடம் தண்ணீர் கேட்ட இடத்தில் விட்டோம்.

கொடுத்தாள். டம்ளரை அவள் மேஜையில் வைத்த சத்தம் பக்கத்து ஊர் வரை கேட்டது. சரி, நம்ப வேண்டாம். அடுத்த தெரு வரை கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்னால் குறைக்க முடியாது.

இன்றுதான் முதன்முறையாக நம் வாசலுக்கு வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. என் தம்பி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவனுக்குத் தன் வாசலில் நடப்பது மட்டும் தெரியாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். அவன் மனைவி பல் கட்டும் கூடத்தில் செயற்கைப் பல் செதுக்குகிறாள். ஆள் உயரம் கம்மி, காரம் ஜாஸ்தி. ஆகவே வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். நான் தம்பியின் அக்கா. மாடியில் இருக்கிறேன். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவள். ஒரு நாள் ஒலிபெருக்கி முன்னால் நான் தும்மியதைக் கேட்டு ஒரு ரயிலே கிளம்பிப் போயிருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற அன்று என்னை அழைத்துப்போக வந்த கடுகு, மாலையையும் பார்க்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. தண்டவாள ஓரத்தில் ஆளுயரத்துக்கு நின்ற காட்டுச் செடிகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத, இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே சண்டை போட்டு வளர்ந்த செடிகள். அவற்றின் மேல் தேனீக்கள் சந்தைக்கடை போட்டிருந்தன. காய்ந்த விதைக் கொத்துகளை உருவித் தன் கைப்பையில் அடைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பேருந்தில் எங்கள் மேல் பஞ்சு பறந்தது.

அந்த விதைதான் எங்கள் முன்வாசல் தோட்டம். முதல் வருஷம் வெறும் இலை. தெரு சிரித்தது. அந்தச் செடிகள் முதலில் கீழே பார்த்துத்தான் வளரும்; வேரை இறக்கி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கும். அடுத்த வருஷம் முழங்கால் உயரம். தெரு கொட்டாவி விட்டது. குளிர் காலத்தில் தண்டெல்லாம் காய்ந்து நின்றபோது, "விறகா விக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். அவள் வெட்டவில்லை. குழல் போன்ற அந்தத் தண்டுகளுக்குள் சின்னச் சின்னத் தேனீக்கள் முட்டையிட்டு வாயை மண்ணால் பூசி வைத்திருந்தன. "வாடகைக்கு விட்டிருக்கேன்" என்றாள் கடுகு.

இந்த வருஷம் எழுந்தன பாருங்கள்! மஞ்சள் பூக்காரன் ஒருவன், ஒற்றைக் காலில் நிற்பதால் கொக்கு. கருஊதா கொத்தோடு ஒருத்தி, விளக்குமாறு. எல்லோருக்கும் பின்னால், வாசல் விளக்கையே எட்டிப் பார்த்துக்கொண்டு, இளஞ்சிவப்பு மொட்டுகளைத் தட்டையாக விரித்துப் பிடித்தபடி குடைக்காரி. ஒரு கடுகின் தோளில் இன்னொரு கடுகு ஏறி நின்ற உயரம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. முன்வாசல் செடி வேலியைத் தாண்டக் கூடாது. வேலி என் இடுப்பளவு. விதியைப் போட்டவர் தலைவர், சலவைக்கடை முதலாளி. உலகத்தில் எங்கே சுருக்கத்தைக் கண்டாலும் தேய்த்துவிடத் துடிக்கும் மனிதர். எங்கள் தெரு அவரை இஸ்திரி என்றுதான் சொல்லும். அவர் வீட்டுப் புல்தரையில் ஓர் எறும்பு நடந்தால் அதன் முழங்கால் தெரியும், அவ்வளவு ஒட்ட வெட்டியிருப்பார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் செடி வெட்டும் மிஷின் வருவதாக ஏற்பாடு.

விடியற்காலை, வேலைக்குக் கிளம்பிய கடுகு தோட்டத்தில் நின்று, எக்கி எக்கிக் குடைக்காரியின் மொட்டைப் பார்த்தாள். அப்புறம் மாடியைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னிக்கு விரிஞ்சிடும்."

"இன்னிக்கு வெட்டவும் வராங்களே, அம்மாடி."

"வரட்டும். நாலு மணிக்கு நான் இங்க நடுவுல நிப்பேன். மிஷின் முதல்ல என்னை வெட்டட்டும். அப்புறம் செடி."

"உன் புருஷன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவர்கிட்ட நான் பேசுறதில்ல. செயலாளர்கிட்ட வேணும்னா மனு குடுக்கலாம்." பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் பேருந்து திரும்பியிருக்காது, கீழே கதவு திறந்தது. என் தம்பி பூனை நடை நடந்து வெளியே வந்தான். கையில் கடையிலிருந்து கொண்டு வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் கண்ணாடிக் கயிறு. மூக்குக் கண்ணாடி விழாமல் கழுத்தில் மாட்டிக்கொள்வோமே, அந்தக் கயிறுதான். சிவப்பு, பச்சை, ஜிகினா வைத்தது எல்லாம் இருந்தது.

முதலில் கொக்கைப் பிடித்தான். இடுப்பை மெல்ல வளைத்து, தலையை வேலிக்குக் கீழே கொண்டுவந்து, சிவப்புக் கயிற்றால் கீழ்க்கம்பியில் கட்டினான். அடுத்தது விளக்குமாறு. அப்புறம் இன்னொரு கொக்கு. ஒவ்வொரு செடியிடமும், "கொஞ்சம், கொஞ்சம், அவ்வளவுதான்" என்று கண் பரிசோதனைக்கு வந்தவரிடம் பேசுவதுபோலப் பேசினான்.

"டேய்!"

துள்ளி விழுந்தான். என் குரலுக்கு ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் துள்ளுகிறார்கள்.

"அக்கா, மெதுவா! தெருவுக்கே கேக்கும்."

"என்னடா பண்றே? செடிக்குக் கண்ணு தெரியலையா, கண்ணாடி மாட்டுறியா?"

"கிண்டல் பண்ணாத. இப்படிக் கட்டிட்டா வேலிக்குக் கீழ போயிடும். விதிப்படி சரி. இஸ்திரி வந்து பார்ப்பாரு, ஒண்ணும் சொல்ல முடியாது. அவ செடியும் பொழைக்கும், என் பதவியும் பொழைக்கும்."

"அவ பார்த்தா?"

"சந்தோஷப்படுவா. வெட்டாம காப்பாத்தியிருக்கேன்ல?"

அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவிட்டு ஓடிவந்த முகம். திட்ட வந்த வாய் எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. குடைக்காரியை வளைக்கும்போது மட்டும் 'மளுக்' என்று ஒரு சத்தம். ஒரு தண்டு பாதி முறிந்துவிட்டது. அவன் சட்டென்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அந்த இடத்தில் ஜிகினாக் கயிற்றை நான்கு சுற்று சுற்றிக் கட்டுப் போட்டான்.

அவன் கடைக்குப் போன பிறகு நான் மேலிருந்து பார்த்தேன். எதிரே இருந்த இஸ்திரியின் வீட்டுப் பக்கமாகத் தலையைத் தாழ்த்தி, தோட்டம் மொத்தமும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பு எரிந்தது. செருப்பை மாட்டினேன்.

பல் கட்டும் கூடம் ஒரு நீளமான அறை. எல்லோர் முன்னாலும் ஒரு விளக்கு, ஒரு தாடை. கடுகு ஒரு முன்பல்லைக் கையில் வைத்து, ஊசி மாதிரி ஒரு ராவுகோலால் அதன் ஓரத்தை ராவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகக்கவசத்தை இறக்கினாள்.

"என்ன அக்கா? மிஷின் முன்னாடியே வந்திடுச்சா?"

"மிஷின் வரல. உன் வீட்டுக்காரன் வந்துட்டான்."

சொன்னேன். கண்ணாடிக் கயிறு என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜிகினா என்றதும் பக்கத்து மேஜைக்காரியும் சேர்ந்து சிரித்தாள். நானும் விடுவேனா, "ஒரு கொக்குக்குப் படிக்கிற கண்ணாடியே மாட்டிவிட்டான்" என்று கூடவே ஒன்றை அவிழ்த்துவிட்டேன்.

அப்புறம் அவள் சிரிப்பு நின்றது.

"எந்தப் பக்கம் பார்த்து வளைச்சிருக்காரு?"

"இஸ்திரி வீட்டுப் பக்கம்."

அவள் பல்லைக் கீழே வைத்தாள். விளக்கை அணைத்தாள்.

"வெட்டியிருந்தாக்கூட மறுபடி வேர்லேர்ந்து வந்திருக்கும் அக்கா. அவமானம் இல்ல. குனிய வெச்சிட்டாரே!"

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணான்."

"அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டதுன்னு நெனச்சுப் பண்ணியிருந்தா சண்டை போட்டுட்டு முடிச்சிருப்பேன்." மேஜையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டாள். "லீவு சொல்லிட்டு வரேன். வாங்க."

அந்தப் பல்லை முடித்துக் கொடுத்தால்தான் லீவு என்றுவிட்டார்கள்; பேருந்து ஏறும்போது மூணு மணி. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகில் இருந்ததுபோல வேர்த்தது.

தெருமுனையில் திரும்பியபோது நாலு ஆகியிருந்தது. எங்கள் வாசலில் கூட்டம். கூட்டம் என்றால் ஆயிரம் பேர். எண்ணிப் பார்த்தால் ஒரு பத்துப் பேர் தேறுவார்கள், ஆனால் ஆயிரம் பேருக்கான ஆர்வத்தோடு நின்றார்கள். மிஷின்காரர் முதுகில் மிஷினை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். தம்பி கடையிலிருந்து வந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. இஸ்திரி கையில் வேலி உயரத்துக்கு வெட்டிய ஒரு கோல். மடிப்புக் கலையாத சட்டை. எதிர்வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் அவர் மனைவியின் நிழல். அந்த அம்மா வெளியே வந்து நான் பார்த்ததே குறைவு.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது செடிகளை.

செடிகள் எழுந்துவிட்டிருந்தன!

சத்தியமாக. இடுப்பு கட்டினபடியேதான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து வெயிலில் நின்ற அத்தனை செடியும், கட்டுக்கு மேலே இருந்த இளந்தண்டைத் திருப்பி, கழுத்தை நிமிர்த்தி, தலையை நேராக ஆகாயத்துக்குத் தூக்கியிருந்தது. வரிசையாக வாத்துக் கூட்டம் ஒன்று யாரையோ முறைப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு தலையும் வேலிக்கு மேலே ஒரு சாண்.

இஸ்திரி கோலை நிறுத்தினார். கொக்கு அதற்கு மேலாக அவரை எட்டிப் பார்த்தது.

"செயலாளரே, என்ன இது?"

"காலையில சரியாத்தான் இருந்துச்சு, தலைவரே."

"அப்புறம்?"

"எந்திரிச்சிடுச்சு."

"செடி எந்திரிச்சிடுச்சா?"

"ஆமாங்க. கட்டிப் போட்டேன். கழுத்தைத் தூக்கிடுச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இஸ்திரியின் சட்டையில் முதல் சுருக்கம் விழுந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

கடுகு யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள். குனிந்து, முதல் சிவப்புக் கயிற்றைக் கத்தரித்தாள். கொக்கு 'விர்'ரென்று நிமிர்ந்து ஆடியது. அடுத்த கயிறு. விளக்குமாறு நிமிர்ந்ததில் இஸ்திரியின் கையிலிருந்த கோல் தட்டிப் பறந்து அடுத்த வீட்டுக் கூரையில் விழுந்தது. அவர் காலடியிலேயே விழுந்தது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் நின்ற இடம் சரியில்லை.

"ஏம்மா, விதி விதிதான்" என்றார் இஸ்திரி.

"விதியைப் போட்டது யாரு?"

"சங்கம்."

"சங்கம்னா?"

"நான்... நாங்க."

"அப்ப உங்களுக்குச் சொல்றேன். இந்தத் தெருவுல இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரு தேனீ பறந்தா, பச்சையாத் தெரியும், பசிக்கு ஒரு வாய் இருக்காது. என் வாசல்ல சாப்பாடு போடுறேன். எவ்வளவு உயரத் தட்டுல போடணும்னு நீங்க சொல்ல வேண்டாம். இவங்க ரெண்டு வருஷம் மண்ணுக்குள்ள வேரை இறக்கினாங்க. இப்பத்தான் வெளியே வந்திருக்காங்க. குனிய மாட்டாங்க."

கடைசியாகக் குடைக்காரியிடம் வந்தாள். கயிற்றைக் கத்தரித்ததும் மற்ற தண்டுகள் நிமிர்ந்தன. ஒன்று மட்டும் அவள் கையிலேயே சாய்ந்தது. ஜிகினாக் கட்டு. அவிழ்த்துப் பார்த்தாள். முறிந்த இடம்.

அதைப் பிரித்தெடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். உச்சியில் பூ விரிந்துவிட்டிருந்தது. அவள் காலையில் சொன்னபடியே.

கடுகு தோட்டத்தின் நடுவில் போய் நின்றாள். செடிகளுக்குள் அவள் தலை தெரியவே இல்லை. குரல் மட்டும் வந்தது. "இப்ப வெட்டச் சொல்லுங்க."

இஸ்திரிக்கு முகம் சிவந்தது. "மிஷினைப் போடுப்பா!"

மிஷின்காரர் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். மிஷின் அலறியது. நான் எப்படி மாடி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. என் முழங்கால் வலி அன்றைக்கு விடுப்பில் போயிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, பழைய குரலை எடுத்தேன்.

"அனைவரும் கவனிக்கவும்! தலைவர் அவர்கள் தேனீக்கள் வரும் பாதையில் நின்றுகொண்டிருக்கிறார். உடனடியாகப் பின்னால் நகர்ந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்!"

இஸ்திரி இரண்டடி பின்னால் நகர்ந்தார். மூளை சொல்லவில்லை, காலுக்குப் பழக்கம். மிஷின்காரர் மிஷினையே அணைத்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர் தன் பெட்டியைத் தேடிக் கீழே பார்த்தார்.

"செயலாளர் சொல்லட்டும்" என்றார் மிஷின்காரர். "உத்தரவு அவருதுதானே? அவரு 'வெட்டு'ன்னா வெட்டுறேன். நாளைக்கு என் தலையை உருட்டக் கூடாது."

எல்லாக் கண்ணும் தம்பி மேல்.

அவன் அந்த முறிந்த தண்டைப் பிடித்தபடி நின்றான். எங்கிருந்தோ ஒரு தேனீ வந்தது. இடுப்பில் மஞ்சள் பொடி அப்பிய குண்டுத் தேனீ. அவன் காதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவன் கையிலிருந்த பூவின் மேலேயே உட்கார்ந்தது. அவன் கல்லாகிவிட்டான். மூக்குக் கண்ணாடி நுனிக்கு நழுவியது. அதை ஏற்றிவிடக்கூடக் கையை அசைக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்குக் கீழே, மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில், தேனீ ஒவ்வொரு சின்னப் பூவாகத் தலையை விட்டு விட்டு எடுத்தது. மூன்று வருஷமாக அந்த வாசல் வழியாகப் போய் வந்தவன் இப்போதுதான் பார்த்தான்.

"செயலாளரே! சொல்லுங்க, வெட்டுன்னு!"

"முடியாது தலைவரே." உதடு மட்டும் அசைந்தது.

"என்னது?"

"சாப்பிட்டுட்டு இருக்கு."

"யாரு?"

"இது. சாப்பிட்டுட்டு இருக்கிறதை எப்படி எழுப்புறது?"

சிரிப்பு வரவில்லை யாருக்கும். செடிகளுக்குள்ளிருந்து மட்டும் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"அப்ப பதவியை விட்டுடுங்க!"

"விட்டாச்சு. என் உத்தரவையும் நானே எடுத்துக்கிட்டேன். எல்லாரும் கேட்டாங்க இல்ல?" தேனீ இருக்கும் கையை ஆட்டாமல், உடம்பை மட்டும் திருப்பி மிஷின்காரரைப் பார்த்தான். "நீங்க போகலாம்ப்பா. மெதுவா போங்க. காத்து அடிக்கப் போகுது இதுக்கு."

இஸ்திரி மடிந்து, சுருங்கி, கசங்கி நின்றார். "ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம்! ஓட்டுக்கு விடுறேன். வெட்டாம விட மாட்டேன்!" என்று கூவிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். கோலை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. தேனீயும் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியது. தம்பி தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா... பேச மாட்டியா?"

இலைகள் விலகின. கடுகின் கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் பழைய வாய்.

"கீழ விழுந்த கயிறெல்லாம் பொறுக்குங்க. ஜிகினா வெச்சதை மட்டும் விட்டுடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்குக் கம்பு நட்டு, காத்துல சாயாம நிமிர்த்திக் கட்டணும். கயிறு கட்டுறதுன்னா அதுக்குத்தான். கத்துக்கோங்க."

அவன் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தான். நான் மேலே நின்று அந்தக் காட்சியை அணு அணுவாக ரசித்தேன்.

வெயில் சாய்ந்தபோது வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. எதிர்வீட்டு அம்மா. இஸ்திரியின் மனைவி. கையில் காலி வாளி. தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடுகிடம் கேட்டார்.

"இந்தக் குடை மாதிரி இருக்கே, அதுல ஒரு கன்னு கிடைக்குமா?"

கடுகு கொத்துக்கரண்டியை எடுத்துவந்தாள். பின்பக்கம் விதை விழுந்து தானாக முளைத்திருந்த ஒரு கன்றை மண்ணோடு பெயர்த்து வாளியில் வைத்தாள்.

"ரொம்ப உயரமா போகும்க்கா. தெரியுமில்ல?"

"தினம் ஜன்னல்லேர்ந்து பார்க்கிறேனே."

"வீட்டுக்குப் பின்னாடியே வெச்சுடுங்க. உங்க வீட்டுக்காரர் கண்ணுல படாது."

அந்த அம்மா வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். தன் வீட்டின் ஒட்ட வெட்டிய புல்தரையை ஒரு முறை பார்த்தார்.

"முன்னாடிதான்" என்றார். "சரியா நடுவுல."